திண்ணைக்கு வரும் மாத்திரை: வாசகர் கேள்வி – பதில்

ஆன்லைனில் மருந்து வாங்குவது பற்றி நம் செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். எழுதியவர்களில் பலர் வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்கள், அல்லது வெளியூரிலிருந்து அவர்களுக்கு மருந்து அனுப்பும் பிள்ளைகள். கேட்டவர்களின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கோட்டையூர்: மகன் பெங்களூரிலிருந்து மாதாமாதம் பிரஷர், சர்க்கரை மாத்திரையை ஆன்லைனில் போட்டு அனுப்புகிறான். 18, 20 சதவீதம் தள்ளுபடி. ஊர் மெடிக்கலில் கேட்டால் "அவ்வளவு குறைச்சுக் கொடுத்தா அது டூப்ளிகேட்தான் ஆச்சி" என்கிறார்கள். யாரை நம்புவது?

தள்ளுபடியை மட்டும் வைத்து அசலா போலியா என்று சொல்ல முடியாது. அரசு உச்சவிலை வைத்திருக்கும் மருந்துகளில் சில்லறைக் கடைக்கு 16 சதவீத லாபத்தை 2013-ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணையே சேர்த்துத்தான் விலை போடுகிறது. மற்ற மருந்துகளில் சில்லறைக்கு 20, மொத்த வியாபாரிக்கு 10 என்பது தொழிலில் வழக்கம். மொத்தமாக எடுத்து, நடுவில் ஒரு கையைக் குறைத்து, வாடிக்கையாளரைப் பிடிப்பதற்காகக் கொஞ்சம் கைக்காசும் போடுகிற கம்பெனிக்கு 20 சதவீதம் தள்ளிக் கொடுப்பது முடியாத காரியமில்லை. அதே கம்பெனியின் அதே மாத்திரை 60 சதவீதம் குறைவு என்றால் மட்டும் சந்தேகப்படுங்கள். வேறு கம்பெனி செய்த அதே மருந்து 60 சதவீதம் குறைவாகக் கிடைப்பது சாதாரணம். அதில் கள்ளம் ஒன்றுமில்லை, விளம்பரச் செலவு இல்லை, அவ்வளவுதான்.

பார்சல் வந்ததும் அட்டையைப் பாருங்கள். பில்லில் பேட்ச் நம்பர் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்), எக்ஸ்பைரி, விற்பவரின் மருந்து உரிம எண் மூன்றும் இருக்க வேண்டும். பில்லில் உள்ள பேட்ச் நம்பரும் அட்டையின் முதுகில் அச்சான நம்பரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஐந்து அட்டை வந்து அதில் இரண்டு வேறு பேட்ச் என்றால், பில்லிலும் அது இரண்டு வரியாகப் பிரிந்து வந்திருக்க வேண்டும். ஒரே வரியில் ஐந்து என்று இருந்தால் உடனே கேளுங்கள். அதிகம் விற்கும் 300 பிராண்டுகளுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் தயாரானவற்றில் பார்கோடோ கியூஆர் கோடோ கட்டாயம். போன் கேமராவைக் காட்டினால் மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தயாரிப்பு உரிம எண் வரும். அந்தக் கோடையும் அப்படியே நகல் எடுத்து ஒட்ட முடியும். அதனால் திரையில் வருவதை அட்டையோடு ஒத்துப் பார்க்காமல் விட்டால் ஸ்கேன் செய்து பயனில்லை.

எக்ஸ்பைரியில் 06/2027 என்று மாதம் மட்டும் இருந்தால் அந்த ஜூன் 30 வரை செல்லும். ஜூன் 1-ஆம் தேதியே தூக்கிப் போட வேண்டாம்.

இந்த விஷயத்தில் ஊர்க் கடைகளிடமும் ஒரு குறை உண்டு. நாலு மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டி, பில் இல்லாமல், காகித உறையில் போட்டுக் கொடுப்பது. பேட்சும் தேதியும் அச்சடித்த முனை கடையிலேயே நின்றுவிடும். டூப்ளிகேட் பயம் இருப்பவர்கள் முதலில் பயப்பட வேண்டியது அந்த வெட்டிய அட்டைக்குத்தான். வெட்டித்தான் தர வேண்டுமென்றால் தேதி உள்ள முனையிலிருந்து தரச் சொல்லுங்கள், பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

தேவகோட்டை: 25 வருஷமாக ஒரே கடையில் வாங்குகிறோம். கணக்கு நோட்டில் எழுதிவிட்டு மாசக் கடைசியில் கொடுப்போம். இப்போது பேத்தி ஆன்லைனில் வாங்கச் சொல்கிறாள். ராத்திரியில் அவசரமென்றால் அவரிடம்தானே போக வேண்டும் என்று யோசனையாக இருக்கிறது.

யோசிக்க வேண்டியதுதான். இதில் இரண்டில் ஒன்று என்று முடிவு கட்ட வேண்டியதில்லை, பிரித்துக்கொள்ளலாம். மாதாமாதம் மாறாமல் போகும் பிரஷர், கொலஸ்ட்ரால், தைராய்டு மாத்திரையை ஆன்லைனில் வாங்கலாம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அடிபட்ட வலி, டாக்டர் புதிதாக எழுதிய ஆன்டிபயாட்டிக் எல்லாம் அன்றைக்கே தொடங்க வேண்டியவை. மூன்று நாள் கழித்து வருகிற பார்சல் அதற்கு உதவாது. குளிரில் இருக்க வேண்டிய ஊசி மருந்தையும் ஊர்க் கடையிலேயே வாங்குங்கள்.

பேத்தி சொல்லும் தள்ளுபடியைக் கடையிலும் கேட்டுப் பாருங்கள். நிரந்தர வாடிக்கையாளர், மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர் என்றால் 10 சதவீதம் குறைத்துக்கொள்ளும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். கேட்காதவருக்குத்தான் முழு எம்.ஆர்.பி. சீட்டை வாட்ஸ்ஆப்பில் வாங்கி, பையனிடம் வீட்டுக்கே கொடுத்தனுப்புகிற கடைகளும் காரைக்குடி, தேவகோட்டையில் உண்டு.

இன்னொன்று. உங்களுக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, போன முறை எதற்கு உடம்பு தடித்தது என்று அவருக்கு ஞாபகம் இருக்கும். ஆப்புக்கு அது தெரியாது. ஆகவே எங்கே வாங்கினாலும் ஒரு தாளில் எல்லா மருந்தையும் எழுதி, ஒத்துக்கொள்ளாதவற்றைச் சிவப்பில் குறித்து, மருந்து டப்பாவின் மூடியில் ஒட்டிவிடுங்கள்.

கானாடுகாத்தான்: அப்பச்சிக்கு இன்சுலின் ஆன்லைனில் வாங்கினோம். கதவைத் தட்டியும் கேட்கவில்லையாம், திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். மாலை பார்க்கும்போது ஐஸ் எல்லாம் கரைந்து கிடந்தது. பயன்படுத்தலாமா?

முகப்பிலிருந்து இரண்டாம் கட்டுக்குக் குரல் போய்ச் சேராத வீடுகள் நம் பக்கம் நிறைய. அதனால் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். திறந்ததை 25 முதல் 30 டிகிரிக்குள் வெளியே வைத்து, பெரும்பாலான வகைகளில் 28 நாள் பயன்படுத்தலாம். சரியான கணக்கு உங்கள் பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருக்கும். இதிலிருந்தே ஒன்று தெரிகிறது. சில மணி நேரம் சாதாரணச் சூட்டில் இருந்ததால் மட்டும் இன்சுலின் கெட்டுவிடாது. எவ்வளவு சூடு பட்டது என்று நமக்குத் தெரியாததுதான் சிக்கல். மார்கழியில் நிழலில் கிடந்த பார்சல் வேறு, அக்கினி நட்சத்திரத்தில் வண்டியின் தகரப் பெட்டிக்குள் ஊர் சுற்றிவிட்டுத் திண்ணை வெயிலில் கிடந்தது வேறு. பார்சலை எடுத்தபோது வெயிலில் சூடாக இருந்தது என்றால் பயன்படுத்தாதீர்கள். குளிர்ச்சிக்கு வைத்த ஜெல் பை கரைந்திருந்தாலும் பாட்டில் கைக்குக் குளிர்ச்சியாகவே இருந்தது என்றால், திறந்த பாட்டிலுக்குரிய 28 நாள் கணக்கை அன்றைக்கே தொடங்கி, முதல் ஒரு வாரம் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். சரியாகச் சாப்பிட்டு, சரியாக ஊசி போட்டும் சர்க்கரை ஏறிக்கொண்டே போனால் மருந்து வீரியம் போய்விட்டது. டாக்டரிடம் சொல்லிப் பாட்டிலை மாற்றுங்கள்.

கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களும் உண்டு. தெளிவாக இருக்க வேண்டிய வகை தண்ணீர் போலவே இருக்க வேண்டும். லேசாகக் கலங்கினாலும் வேண்டாம். 30/70 போன்ற கலப்பு வகை பால் மாதிரி இருக்கும். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாகப் பத்து முறை உருட்டுங்கள், குலுக்க வேண்டாம். உருட்டிய பிறகும் கட்டி தெரிந்தாலோ, கண்ணாடிச் சுவரில் பனி படர்ந்ததுபோல் வெள்ளைத் துகள் ஒட்டியிருந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். சூட்டில் கெட்டது சில சமயம் எந்த மாற்றமும் காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஐஸ் கரைந்ததற்கே பயப்படுகிறோம், உறைவது அதைவிட மோசம். ஜெல் பையோடு பாட்டில் நேராக ஒட்டி வந்திருந்தால் ஒருபக்கம் உறைந்திருக்கலாம். உறைந்து இளகிய இன்சுலின் பார்க்க நல்லதுபோல் இருந்தாலும் உதவாது. வீட்டிலும் ஃப்ரீசரிலோ, ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். நடுத்தட்டில், ஒரு டப்பாவுக்குள் வையுங்கள்.

மின்சாரம் அடிக்கடி போகும் ஊர்களுக்குப் பானை முறை நல்லது. பெரிய மண்பானையில் ஈரமணல் பரப்பி, அதற்குள் சின்ன மண்பானையை இறக்கி, இடைவெளியையும் மணலால் நிரப்பித் தண்ணீர் தெளியுங்கள். இன்சுலினை மூடிய டப்பாவில் போட்டுச் சின்னப் பானைக்குள் வைத்து, ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமுள்ள நிழலில் வையுங்கள். வெளியைவிடச் சில டிகிரி குறையும். காற்று வறண்ட நாளில் நன்றாக வேலை செய்யும், புழுக்கமான நாளில் அவ்வளவு இல்லை. நம் பழைய வீடுகளில் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவர் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். அதை நம்பி மருந்தை மரப் பீரோவில் வைக்க வேண்டாம், சித்திரையில் அந்த அறையும் 30-ஐத் தாண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம், இதில்தான் உயிருக்கு ஆபத்து. நம் நாட்டில் 10 மி.லி. பாட்டில்களில் பெரும்பாலும் ஒரு மி.லி.யில் 40 யூனிட் இருக்கும். பேனாவில் போடும் 3 மி.லி. கார்ட்ரிட்ஜில் ஒரு மி.லி.க்கு 100 யூனிட். ஊசிகளும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. ஆன்லைனில் ‘இன்சுலின் சிரிஞ்ச்’ என்று தேடினால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும். 40 பாட்டிலுக்கு 100 ஊசி வாங்கி, 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். சர்க்கரை ஏறும். தலைகீழாக, 100 கார்ட்ரிட்ஜிலிருந்து 40 ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் போவது 50 யூனிட். சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயங்கி விழுவார்கள். பாட்டிலில் உள்ள எண்ணும் ஊசியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு புதுப் பெட்டியிலும் பாருங்கள். கார்ட்ரிட்ஜிலிருந்து ஊசியால் இழுப்பதையே விட்டுவிடுங்கள்.

ராயவரம்: ஆன்லைனில் மருந்து விற்பதற்குச் சட்டத்தில் அனுமதி உண்டா, இல்லையா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வதற்குக் காரணம் சட்டமே பாதி வழியில் நிற்பதுதான். மருந்து விற்பனை 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் 1945-ஆம் ஆண்டு விதிகளின் கீழும் நடக்கிறது. இன்டர்நெட் என்ற சொல்லே பிறக்காத காலம். ஆன்லைன் விற்பனைக்கென்று மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வரைவு விதிகளை வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, விதிகள் இறுதியாகும் வரை ஆன்லைன் விற்பனையைத் தடை செய்தார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. கொரோனா வந்தபோது, 2020 மார்ச் 26-இல், உரிமம் உள்ள சில்லறைக் கடைகள் சீட்டைப் பார்த்து வீட்டுக்கே மருந்து கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. ஒரே வருவாய் மாவட்டத்துக்குள் மட்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. நம் ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டத்தில் கிடப்பதால், அந்தக் கணக்குப்படி கானாடுகாத்தான் கடைக்காரர் ராயவரத்துக்குக் கொண்டுவர முடியாது. பெங்களூர் கம்பெனியின் பார்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது!

வாங்குகிறவருக்கு வேண்டியது இவ்வளவுதான். மருந்தை அனுப்பியது யார், அவருக்குச் சில்லறையில் மருந்து விற்பதற்கான படிவம் 20, 21 உரிமம் இருக்கிறதா என்று பில்லில் பாருங்கள். ஆப்பின் பெயர் ஒன்றாகவும் பில்லில் உள்ள கடையின் பெயர் வேறாகவும் இருக்கும். அது தவறில்லை, பொறுப்பு அந்தக் கடைக்கு. உரிம எண்ணே இல்லாத பில்லோடு வந்தால் திருப்பி அனுப்புங்கள். சிவப்புக் கோடும் ஆர்எக்ஸ் குறியும் உள்ள மாத்திரையைச் சீட்டே கேட்காமல் அனுப்புகிற தளத்தின் பக்கம் போகாதீர்கள். இன்றைக்கு வசதி என்று தோன்றும், ஆனால் சீட்டைக் கேட்காதவன் சரக்கு எங்கிருந்து வந்தது என்றும் கேட்டிருக்க மாட்டான்.

பள்ளத்தூர்: டாக்டர் டெல்மா 40 எழுதினார். பேரன் ஆர்டர் போட்டதில் டெல்மா ஏ.எம். வந்துவிட்டது. இரண்டும் டெல்மாதானே, சாப்பிட்டால் என்ன?

சாப்பிடாதீர்கள். டெல்மா 40-இல் டெல்மிசார்டன் மட்டும். ஏ.எம். என்றால் அதோடு அம்லோடிபின் 5 மி.கி. சேர்ந்தது. எச் என்றால் ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மி.கி. சேர்ந்தது. ஏற்கெனவே அம்லோடிபின் தனியாகச் சாப்பிடுபவர் என்றால் இரட்டை அளவு ஆகிவிடும். பிரஷர் இறங்கும், கணுக்கால் வீங்கும். எச் வகையை வேண்டாதவர் சாப்பிட்டால், அதுவும் வயதானவர்களுக்கு, உப்புச் சத்து குறைந்து சோர்வும் தடுமாற்றமும் வரலாம்.

ஆப்பில் நான்கு எழுத்து தட்டியதும் கீழே ஒரு வரிசை விழும். விரல் பட்டதைத் தேர்ந்தெடுப்பதில் வரும் தவறுகள்தான் இவை. கிளைகோமெட் 500 எஸ்.ஆர். ஒன்று, கிளைகோமெட் ஜி.பி. வேறு. ஜி.பி.யில் கிளைமிபிரைடு இருக்கிறது, சாப்பாடு தாமதமானால் சர்க்கரையைத் தரைக்கு இறக்கிவிடும். மெட் எக்ஸ்.எல். என்பது சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் அல்ல. அது மெட்டோபிரலால், இதயத்துக்கும் பிரஷருக்கும் கொடுப்பது. பெயருக்குப் பின்னால் வரும் வால் எழுத்துகளையும் எண்ணையும் விட்டுவிட்டால் வேறு மருந்துதான் வரும்.

பெயரைத் தட்டித் தேடாமல், பழைய அட்டையின் முதுகை வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிராண்ட் பெயருக்கு அருகில் சின்ன எழுத்தில் மருந்தின் பொதுப்பெயரும் மில்லிகிராமும் இருக்கும். ஆர்டர் போடுகிறவர் அந்த வரியைத் திரையில் உள்ளதோடு ஒத்துப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

இதோடு சேர்ந்தது மாற்று மருந்து. "இதே மருந்து வேறு கம்பெனியில் 55 சதவீதம் குறைவு, மாற்றிக்கொள்ளவா?" என்று ஆப் கேட்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ‘எச் பட்டியல்’ மருந்துக்கு, சீட்டில் எழுதியதை விட்டுவிட்டு வேறொன்றைக் கடைக்காரர் தானாகக் கொடுக்கக் கூடாது. 1945 விதிகளில் 65-ஆம் விதி அதைச் சொல்கிறது. டாக்டரிடம் பொதுப்பெயரில் எழுதி வாங்கினால் பிரச்சினையே இல்லை. மெட்ஃபார்மின், அம்லோடிபின் போன்றவற்றில் நல்ல கம்பெனி மாறுவதால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. தைராய்டுக்கான லெவோதைராக்சின், வலிப்புக்கான ஃபெனிடாயின், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மூன்றிலும் மட்டும் விலையைப் பார்த்துக் கம்பெனி மாற்ற வேண்டாம். சிறு வித்தியாசமும் உடம்பில் தெரியும். தைராய்டு மாத்திரையை மாற்றியே ஆக வேண்டும் என்றால் 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்து அளவைச் சரிசெய்யச் சொல்லுங்கள். எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., எக்ஸ்.ஆர். என்று முடியும், மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

திருப்பத்தூர்: அல்பிரசோலம் மாத்திரையை எந்த ஆப்பும் அனுப்ப மறுக்கிறது. சீட்டு இருந்தும் ஏன்?

பதற்றத்துக்குக் கொடுக்கும் இந்த மாத்திரை, சீட்டு மருந்துகளிலேயே கூடுதல் கட்டுப்பாடு உள்ள எச்1 பட்டியல் மருந்து. இந்தப் பட்டியல் 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. விற்கும் கடை, எழுதிய டாக்டர், நோயாளி, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதோடு இது போதைப்பொருள் சட்டத்துக்குள்ளும் வருவது. அனுப்ப மறுப்பது நல்ல தளத்தின் அடையாளம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டெலிகிராமில் ஆள் பிடித்து வாங்க வேண்டாம், அசல் சீட்டோடு கடைக்குப் போங்கள். ஆன்லைன் கிடைக்கவில்லை என்பதற்காக இதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. நிறுத்துவதென்றால் டாக்டர் சொல்லும் படியில் குறைத்துக்கொண்டு வர வேண்டும்.

காரைக்குடி, செக்காலை: ஆன்லைன், மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் மூன்றில் எது மலிவு?

சதவீதத்தைப் பார்க்காதீர்கள், ஒரு மாத்திரைக்கு என்ன விழுகிறது என்று பாருங்கள். அட்டை 10, 14, 15, 30 என்று பலவிதம். ஒரு எடுத்துக்காட்டு: 15 மாத்திரை அட்டை 210 ரூபாய், மாதம் 2 அட்டை, 420 ரூபாய். 20 சதவீதம் தள்ளுபடி என்றால் 84 மிச்சம். டெலிவரிக்கும் ‘ஹேண்ட்லிங்’ என்ற பெயரிலும் 60 பிடித்தால் கையில் நிற்பது 24. மூன்று மாதத்துக்குச் சேர்த்து 6 அட்டை வாங்கினால் 252-இல் 60 போக 192. சேர்த்து வாங்கினால்தான் ஆன்லைன் லாபம். அளவு மாறாமல் நிலையாகப் போகிறவர்களுக்கு மட்டும் அது பொருந்தும். அடுத்த பரிசோதனையில் டாக்டர் மாத்திரையை மாற்றினால் மிச்சமெல்லாம் குப்பை. 14 மாத்திரை அட்டையில் 30 நாளைக்கு 3 அட்டை வாங்க வேண்டும், 12 மிஞ்சும். அதை அடுத்த மாதக் கணக்கில் கழிக்க மறந்தால் தள்ளுபடி போய்விட்டது.

2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12-இலிருந்து 5 சதவீதமாகிவிட்டது. பழைய எம்.ஆர்.பி. அச்சடித்த அட்டை வந்தாலும் பில்லில் 5 தானா என்று பாருங்கள்.

பிராண்ட் முக்கியமில்லை என்றால் இந்த இரண்டு அரசு மருந்தகங்கள்தான் மலிவு. மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தில் (ஜன் ஔஷதி) பிராண்ட் விலையைவிட 50 முதல் 90 சதவீதம் வரை குறைவு. பக்கத்தில் எங்கே இருக்கிறது, என்ன விலை என்று ‘ஜன் ஔஷதி சுகம்’ ஆப்பில் பார்க்கலாம். தமிழ்நாடு அரசின் முதல்வர் மருந்தகம் 2025 பிப்ரவரி 24-இல் மாநிலம் முழுக்க 1,000 இடங்களில் திறக்கப்பட்டது. இரண்டிலும் பிராண்ட் பெயரைச் சொல்லிக் கேட்டால் "இல்லை" என்பார்கள், பொதுப்பெயரும் மில்லிகிராமும் எழுதிய தாளைக் காட்டுங்கள். எல்லா மருந்தும் எல்லா நாளும் இருக்காது, தீர்வதற்குப் பத்து நாள் முன்பே போய்ப் பாருங்கள். சர்க்கரை, பிரஷருக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பதிந்துகொண்டால் மாத்திரை வீட்டுக்கே வரும், காசு கிடையாது. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய திட்டம். பெரிய வீட்டுக்காரர்கள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

புதுவயல்: மனநல டாக்டர் கொடுத்த மருந்தை ஊர்க் கடையில் கேட்டால் அடுத்த நாள் தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் ஆன்லைன். இது தப்பா?

தப்பில்லை. மருந்தை நிறுத்துவதைவிட யாருக்கும் தெரியாமல் வாங்கிச் சாப்பிடுவது எவ்வளவோ மேல். ஒன்று கவனியுங்கள்: யார் போன் நம்பரில் கணக்கு இருக்கிறதோ அவருக்கு எல்லா ஆர்டரும் தெரியும். உங்கள் நம்பரில் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பார்சல் தாமதமாகி மருந்து இரண்டு நாள் விட்டுப்போனால் சிலருக்குத் தலைசுற்றலும் படபடப்பும் வரும். இரண்டு வார மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

கண்டனூர்: டெலிவரி ஆள் வீட்டைக் கண்டுபிடிக்காமலே ‘ஆள் இல்லை’ என்று போட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

ஊரில் எல்லாரும் வீட்டை விலாசத்தை, அதாவது குடும்பத்தின் இனிஷியல்களைச் சொல்லித்தான் அடையாளம் சொல்வோம். நாலு இனிஷியல் கொண்ட அந்த விலாசம் வெளியூர்ப் பையனுக்கு எந்த உதவியும் செய்யாது. வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவதால் மேப் அவரைப் பின்கட்டுக் கதவில் கொண்டுபோய் நிறுத்தும். முகவரியில் எந்தத் தெருவில் முகப்பு இருக்கிறது, எந்த ஊருணி அல்லது கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். மேப்பில் குறியை முகப்பு வாசலில் வையுங்கள். வீட்டில் பகலில் போன் எடுப்பவரின் நம்பரைக் கொடுங்கள், சான்பிரான்சிஸ்கோவில் தூங்கிக்கொண்டிருக்கும் மகனின் நம்பரை அல்ல.

சிங்கம்புணரி: மூட்டுவலிக்கு ஒரு பொடி, முழுக்க மூலிகை என்று யூடியூபில் பார்த்து வாங்கினோம். மூன்றே நாளில் வலி போய்விட்டது. தொடரலாமா?

மூன்று நாளில் போனதுதான் கவலையாக இருக்கிறது. நாள்பட்ட மூட்டுவலி மூலிகையில் அவ்வளவு வேகமாக அடங்காது. ஸ்டீராய்டு கலந்த பொடிகள் அப்படித்தான் வேலை செய்யும். முகம் ஊதுவது, பசி கூடுவது, சர்க்கரை காரணமில்லாமல் ஏறுவது, தோல் சட்டென்று கன்றிப்போவது எல்லாம் அறிகுறிகள். டப்பாவைப் பாருங்கள். சித்த, ஆயுர்வேத மருந்தென்றால் தயாரிப்பு உரிம எண்ணும் சேர்க்கைப் பொருள்களின் அளவும் அச்சாகியிருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிம எண் மட்டும் இருந்தால் அது மருந்தே இல்லை, உணவுப் பொருள் என்ற பெயரில் விற்கிறார்கள். ஒரு மாதத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. டப்பாவோடு டாக்டரிடம் போய்ச் சொல்லி, அவர் சொல்கிறபடி விடுங்கள். ‘சர்க்கரை நோய் அடியோடு குணம்’ என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

நாச்சியாபுரம்: சிங்கப்பூர் போகும்போது இங்கே வாங்கிய மாத்திரையை எடுத்துப் போகலாமா?

சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரை கொண்டுபோகலாம். அட்டையைப் பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். அசல் அட்டை, பில், பொதுப்பெயர் எழுதிய சீட்டு மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு அங்கே முன் அனுமதி வாங்க வேண்டும். அண்ணன் மகனுக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று அடுத்தவர் மருந்தைச் சுமக்க வேண்டாம்.

காரைக்குடி, கழனிவாசல்: தப்பான மருந்து வந்தது. கூகுளில் ‘கஸ்டமர் கேர்’ தேடிப் போன் செய்தால் ‘பணம் திரும்ப வர ஒரு ஆப் போடுங்கள்’ என்கிறார்கள். என்ன செய்வது?

போனை வையுங்கள். அது மோசடி. பணம் வாங்குவதற்கு ஓ.டி.பி.யோ, யு.பி.ஐ. பின்னோ, திரையைக் காட்டும் ஆப்போ தேவையில்லை. பின் போட்டுப் பணம் வாங்குவது என்று ஒன்று கிடையாது. காசு போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அதை நிறுத்த வாய்ப்பு.

புகாரை நீங்கள் ஆர்டர் போட்ட ஆப்புக்குள்ளேயே, அந்த ஆர்டரைத் திறந்து பதியுங்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்திருந்தால் நல்லது: முதலில் ஒட்டிய லேபிள், பிறகு பிரிப்பது, பிறகு அட்டையின் முதுகு, வெட்டு இல்லாமல் ஒரே ஓட்டமாக. அட்டையில் ஒரு மாத்திரையை எடுத்துவிட்டாலும் பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள், குளிர்ச்சி மருந்தையும் அப்படியே. மின்வணிக விதிகள் 2020-இன்படி அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

மருந்தின் தரத்திலேயே சந்தேகம் என்றால் அது நுகர்வோர் புகார் மட்டுமல்ல. மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள். சாப்பிட்டு உடம்புக்கு ஏதாவது வந்தால் முதலில் ஆஸ்பத்திரி, பிறகு 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பக்கவிளைவைப் பதியலாம். கோபத்தில் மிச்ச மாத்திரையைக் குப்பையில் வீச வேண்டாம். பில், உறை, பிரிக்காத அட்டை எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வைத்திருங்கள். ஆய்வகத்துக்கு அனுப்ப ஆய்வாளர் கேட்பது அதைத்தான்.